பூச்சட்டியும் புழுப்பாம்பும்

“ரோஜா கேட்டா ரோஜா மட்டும் குடுக்கணும். பாம்பையும் சேத்துக் குடுக்கச் சொல்லி உங்கள யாரு கேட்டா?”

கேட்டவர் மரகதம்மாள். கேட்ட இடம் மலாயாவில், காஜா பெராங் பேட்டையில் என் வீட்டு வாசல். அடுப்பில் சோறு பொங்கி வழிந்துகொண்டிருந்தது. எனக்குப் பின்னால் என் வீட்டுக்காரர் சட்டைப் பொத்தானைப் பாதி போட்டதும் போடாததுமாக நின்று, ஓசியில் கூத்துப் பார்ப்பவர் மாதிரி ரசித்துக்கொண்டிருந்தார்.

பூச்சட்டி விற்கிற தொழிலுக்குச் சட்டம் ஒன்றுதான்: செடி செழித்தால் வாங்கியவளின் கைராசி, வாடினால் விற்றவளின் மோசடி. வீட்டில் இருந்தபடியே ஏதாவது செய்யலாமே என்று முறுக்கிலும் ஊறுகாயிலும் தையலிலும் இறங்கி, வாடிக்கையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட சகோதரிகளுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் முறுக்கில் கல் கிடந்திருக்கும். என் சட்டியில் பாம்பு கிடந்தது. வித்தியாசம் அவ்வளவுதான்.

அதைப் பாம்பு என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். காலில் போடும் சப்பாத்துக் கயிற்றில் ஒரு துண்டை அறுத்துப் போட்ட மாதிரி, கறுப்பாக, ஒரு சாண்கூட வராமல் இருக்கும். நம் ஜனங்கள் புழுப்பாம்பு என்பார்கள், குருட்டுப் பாம்பு என்பார்கள். ஈர மண்ணுக்குள் எறும்பு முட்டையும் கறையான் குஞ்சும் தின்று பிழைக்கிற ஜீவன். எங்கள் மாதா சுரூபத்தின் காலடியில் ஒரு பாம்பு இருக்குமே, அது இந்த அளவில் இருந்திருந்தால் ஏவாளே மிதித்துத் தீர்த்திருப்பாள். உலகத்துக்கு இத்தனை கஷ்டம் வந்திருக்காது.

ஆனால் இந்தக் கயிற்றுத் துண்டை நம்பித்தான் என் வாசல் இருந்தது. அந்த வருஷம் மலாயாவுக்கு மெர்டேக்கா, நம் பாஷையில் சுதந்திரம். பண்டார் ஹிலிர் திடலில் கொடியேற்றும் மேடையைச் சுற்றி வைக்கப் பூச்சட்டி வேண்டும் என்று அலங்காரக் கமிட்டி என்னைக் கேட்டிருந்தது. என் வீட்டுக்காரரோ பழைய கார் ஒன்றுக்குச் சொல்லிவைத்துவிட்டு, சட்டிகள் இருக்கிற வாசலில் சிமெண்டு போட்டு ஷெட் கட்ட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்தோம். திடலில் என் சட்டிகள் நின்றால் வாசல் எனக்கு. ஆர்டர் கைநழுவினால் வாசல் காருக்கு.

அந்தக் கமிட்டியின் செயலாளர் சிங்காரம் பிள்ளை. மரகதம்மாள் அவருடைய மனைவி. இந்த ஊரில் எத்தனையோ வீடு இருக்க, என் பாம்பு தேடிப் போனது செயலாளர் வீட்டை.

“நான் அவர்கிட்ட சொல்லத்தான் போறேன்,” என்று அந்த அம்மாள் சேலையை உதறிக்கொண்டு போனார். வீட்டுக்காரர் மிச்சப் பொத்தானையும் போட்டு முடித்துவிட்டு, ரொம்பப் பரிவாகச் சொன்னார்:

“சிமெண்டுல பாம்பு வராது, திரேசா.”

எது தலை, எது வால்

வாங்குகிறவருக்கு விஷயத்தை விளக்கிவிட்டால் பயம் போய்விடும் என்று நினைத்தேன். கான்வென்டில் படித்ததால் வந்த வியாதி இது. அங்கே சிஸ்டர்கள் எதையும் விளக்கிவிட்டுத்தான் அடிப்பார்கள். பூத்தையலுக்குப் பரிசாக அவர்கள் கொடுத்த பூதக்கண்ணாடி ஒன்று என்னிடம் இருந்தது. ஒரு பாம்பை ஜாம் பாட்டிலில் போட்டு, கண்ணாடியையும் பக்கத்தில் வைத்து, வாசலில் ஸ்டூல் போட்டுக் காட்சிக்கு வைத்தேன்.

முதலில் மாட்டியவர் முனியாண்டி. கிளேபாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். கடை முகப்புக்குக் காகிதப்பூச் சட்டி வேண்டும் என்று வந்தார். “நல்லாப் பாருங்க,” என்றேன். “இரண்டு முனையும் ஒரே தடிமன். அதனால இருதலைப் பாம்புன்னு ஜனங்க பயப்படுறாங்க. இது தலை. இங்கே மை தொட்டு வச்ச மாதிரி இரண்டு புள்ளி தெரியுதா? அதுதான் கண்ணு. செதிலுக்கு அடியில மூடிக் கிடக்கு. வெளிச்சம், இருட்டு தெரியும், ஆள் அடையாளம் தெரியாது. வாய் மூக்குக்குக் கீழ ஒளிஞ்சிருக்கு, மண்ணைக் குடையும்போது மண் உள்ள போகாம. அந்த முனையில முள்ளு மாதிரி இருக்கே, அது வால். அதை ஊன்றித்தான் மண்ணுக்குள்ள உந்திப் போகும். குத்தினா கொசு கடிச்ச அளவுகூட வலிக்காது. மத்தப் பாம்புக்கு வயித்துச் செதில் பட்டையா இருக்கும். இதுக்குச் சுத்திலும் ஒரே மாதிரி, கண்ணாடிச் சில்லு பதிச்ச மாதிரி.”

முனியாண்டி ரொம்பக் கவனமாகக் கேட்டார். கண்ணாடியை வாங்கித் தலையைப் பார்த்தார், வாலைப் பார்த்தார். பாட்டிலைத் திருப்பி இன்னொரு தடவை தலையைப் பார்த்தார். ஆள் மசிந்துவிட்டார் என்றுதான் நினைத்தேன். கண்ணாடியைத் துண்டில் துடைத்து என் கையில் கொடுத்துவிட்டு இரண்டு அடி பின்னால் போனார்.

“கண்ணு தெரியாதுங்கிறதுதான் எனக்குப் பயமே, அக்கா. கண்ணுள்ள பாம்பு ஆளப் பாத்துக் கடிக்கும். இது யாரை வேணாலும் கடிச்சுடும்ல.”

காதில் பஞ்சு

முனியாண்டி பயந்தாலும் சட்டியை வேண்டாம் என்று சொல்லவில்லை. அனுப்பிவைக்கச் சொன்னார். அதே நாளில் பத்து பெரெண்டாம் என்கிற ஊரில் ஒரு வீட்டுக்குத் துளசிச் சட்டிகளும் போக வேண்டியிருந்தது. லோரிக்கார ரெங்கசாமி தன் ஆளோடு வந்தான். வந்தவன் சட்டியைத் தொடுவதற்கு முன்னால் என்னிடம் பஞ்சு கேட்டான்.

எதற்கு என்றேன். புழுப்பாம்பு காதுக்குள் நுழைந்துவிடுமாம். நுழைந்தால் மூளைக்குப் போய்த்தான் நிற்குமாம். அது எறும்புப் புற்றைத் தேடுமே தவிர உன் காதைத் தேடாது, உள்ளே போனாலும் மூளை என்று எதுவும் அகப்படாது என்று எடுத்துச் சொன்னேன். கேட்கவில்லை. இரண்டு பேரும் காது நிறையப் பஞ்சைத் திணித்து, மேலே துண்டையும் கட்டிக்கொண்டு, பல்வலிக்காரர்கள் மாதிரி சட்டிகளைத் தூக்கினார்கள். லோரி கிளம்பிய பிறகுதான் கவனித்தேன்: கிளேபாங்குக்குப் போக வேண்டியதைப் பத்து பெரெண்டாம் பக்கமும், அங்கே போக வேண்டியதைக் கிளேபாங் பக்கமும் பிரித்து அடுக்கியிருக்கிறார்கள். கத்தினேன். தெருமுனை வரை ஓடிக் கத்தினேன். சீனன் கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார், நாய் வந்து பார்த்தது. லோரியில் இருந்த இரண்டு பேரும் திரும்பவில்லை.

அன்று மத்தியானம் முனியாண்டியின் ஆட்டுக்கறிக் கடை முகப்பில் இரண்டு வரிசைத் துளசி. கடை சைவமாகிவிட்டது என்று நினைத்து வாடிக்கைக்காரர்கள் வாசலோடு திரும்பிப் போனார்களாம். சாயந்தரம் ரெங்கசாமியை நிறுத்தி வைத்துக் கேட்டேன், பாம்பு காதுக்குள் போகிறது என்று எந்த மடையன் சொன்னான் என்று. அவன் அப்போதுதான் ஒரு காதுப் பஞ்சை எடுத்தான்.

“போனா வெளிய வர்றதுக்கு வழி தெரிய வேணாமா? அதுக்குக் கண்ணு தெரியாதுன்னு முனியாண்டிகிட்ட நீங்கதான சொன்னீங்க.”

பாலும் முட்டையும்

பத்து பெரெண்டாம் அம்மாளுக்கு மறுநாள் துளசி போய்ச் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை காலையில் குளித்து முழுகி அவர் தண்ணீர் ஊற்ற, சட்டி நிரம்பி, மூச்சு முட்டிப்போன பாம்பு ஒன்று மேலே வந்து எட்டிப் பார்த்திருக்கிறது. எந்தச் சட்டியில் தண்ணீரைக் கொட்டினாலும் அது வரத்தான் செய்யும். ஆனால் துளசியில், வெள்ளிக்கிழமையில், தலை எது வால் எது என்று தெரியாமல் ஒன்று வந்தால் நம் ஜனங்கள் சும்மா விடுவார்களா? மஞ்சள் வைத்தாயிற்று, குங்குமம் வைத்தாயிற்று, முட்டை வைத்தாயிற்று. பாலையும் ஊற்றினார்கள். அந்த வாய்க்குள் எறும்பு முட்டை போவதே பெரும்பாடு, கோழி முட்டைக்கு அது எங்கே போகும்? பாலில் மூழ்கி அங்கேயே செத்தது.

கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். பாலுக்கு எறும்பு வந்தது. சட்டிக்குள்ளேயே புற்று வைத்து முட்டையிட்டது. முட்டைக்கு, மண்ணுக்குள் ஒளிந்திருந்த மற்றப் பாம்புகள் கூடின. செத்துப்போனவள் குடும்பத்தோடு திரும்பி வந்துவிட்டாள் என்று ஊர் பேச ஆரம்பித்தது. செத்ததை ஒரு மஞ்சள் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அந்த அம்மாளே வந்தார். வாயைத் திறந்தால் திட்டுதான் வரும் என்று நானும் தயாராக இருந்தேன். அவரோ குரலைத் தாழ்த்தி, “எங்க தங்கச்சிக்கும் ஒரு சட்டி வேணும். பாம்பு இருக்கறதாப் பாத்துக் குடுங்க,” என்றார். செயலாளர் வீட்டில் பாம்பு இருந்ததற்குச் சண்டை; இங்கே இல்லாவிட்டால் சண்டை.

பக்கத்து வீட்டு லெச்சுமி அக்கா எனக்கு மண்ணும் சாணியும் கலந்து தருகிறவர். பல தலைமுறைக்கு முன்னே இங்கே வந்து தங்கிவிட்ட காஜா பெராங் செட்டிக் குடும்பத்துக்காரர். கோயில் உண்டு, விபூதி உண்டு, வாயில் தமிழ் கிடையாது, பேச்செல்லாம் மலாய்தான். சாணிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, மஞ்சள் துணியில் கிடந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதுவும் பாவம், வயிற்றுப் பிழைப்பைத்தான் பார்த்தது என்பதை அவர் பாஷையில் சொன்னார்:

“டியா பூன் ச்சாரி மாக்கான் லா.”

மாஸ்டரின் பல் வேட்டை

‘பாம்புச் சட்டிக்காரி’ என்ற பெயர் இப்படி ஊரெல்லாம் பரவிய பிறகு சிங்காரம் பிள்ளை ஆள் அனுப்பினார்: கமிட்டி கூடி முடிவு செய்யும், அதுவரை ஆர்டர் நிற்கட்டும் என்று. என் வீட்டுக்காரர் வாசலை அடியளவால் அளந்து பார்க்கத் தொடங்கினார். படித்தவர் ஒருவர் வந்து ‘விஷமில்லை’ என்று கமிட்டியில் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நான் ஞானமுத்து மாஸ்டரிடம் போனேன். ஆண்கள் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் நடத்துகிறவர். நான் கேட்டது ஒரு வார்த்தை. அவர் மஞ்சள் துணியைப் பிரித்தார், பாம்பைப் பார்த்தார், என்னை மறந்தார்.

அவருடைய ஆசை வேறு. குருட்டுப் பாம்பில் குலம் ஒன்று, கோத்திரம் பல என்று விளக்கினார். நம் பக்கத்துச் சட்டிப் பாம்புக் கோத்திரத்துக்கு மேல்தாடையில் மட்டும் பல். மெல்லிய குருட்டுப் பாம்பு என்று பங்காளி வகை ஒன்று உண்டாம். அதற்குக் கீழ்த்தாடையில் மட்டும் பல். உடம்பைச் சுற்றிச் செதில் வரிசையை எண்ணினால் நம்முடையதற்கு இருபது, மெல்லியதற்குப் பெரும்பாலும் பதினாலு. மெல்லியது ஆப்பிரிக்காவில் இருக்கிறது, அமெரிக்காவில் இருக்கிறது, அரேபியாப் பக்கம் இருக்கிறது. மலாயாவில் பார்த்ததாக யாரும் எழுதவில்லை. “இது ரொம்ப மெலிசா இருக்கே,” என்றார். செத்து இத்தனை நாள் ஆன பாம்பு மெலியாமல் என்ன செய்யும் என்று நான் கேட்கவில்லை. காரியம் ஆக வேண்டுமே.

என் சாப்பாட்டு மேசையில் ஆராய்ச்சி தொடங்கியது. என் பூதக்கண்ணாடி, என் பூத்தையல் ஊசி, என் வெள்ளைத் தட்டு. மாஸ்டர் கழுத்தை மடக்கி, ஊசியால் தாடையை நெம்பி நெம்பிப் பார்த்தார். திறக்கவில்லை. காபி ஆறியது. அவர் மனைவி அழைத்துப் போக வந்து, அவரும் உட்கார்ந்தார். மாஸ்டர் கடைசியில் நிமிர்ந்து, ரொம்ப அடக்கமாக, “இதுக்கு வாயே இல்ல. இது புதுசு,” என்றார். நான் எட்டிப் பார்த்தேன். அவர் நெம்பிக்கொண்டிருந்தது வால்.

திருப்பிப் போட்டுக் கொடுத்தேன். செதிலை நான் எண்ணினேன். குறுக்குத் தையலுக்கு நூலிழை எண்ணிப் பழகியவளுக்கு இது ஒன்றும் பெரிதில்லை: இருபது வரிசை. மாஸ்டர் நம்பாமல் மறுநாள் பள்ளிக்கூட நுண்ணோக்காடியில் வைத்துப் பார்த்தார். பல்லும் மேல்தாடையில்தான் இருந்தது. மலாயாவுக்கு மெல்லிய குருட்டுப் பாம்பு கிடைக்கவில்லை. ஆனால் அந்தச் சாயந்தரம், வாலிலிருந்து தலைக்குப் பாம்பைத் திருப்பியபோது, மாஸ்டரின் மனைவி என் பக்கம் சாய்ந்து சொன்னது இது:

“வீட்லயும் இப்படித்தான் அக்கா. பல் செட்டக் காணோம்னு அலமாரிய எல்லாம் கொட்டிக் கவுப்பாரு. வாயில இருக்கும்.”

ஆண் வாரிசு

மனம் தேறிய மாஸ்டர் ஒரு காரியத்தைக் கையில் எடுத்தால் விடமாட்டார். என் வாசலில் செத்துக் கிடந்ததையெல்லாம் சாராயத்தில் போட்டு, வயிற்றைக் கீறிப் பார்த்தார். நுரையீரல் ஒரு பக்கத்துக்கு மட்டும். உடம்பு அத்தனை ஒடுக்கம் என்றால் எதற்கும் இரண்டு வைக்க இடமில்லையாம். அரிசி மாதிரி நீள நீளமாக முட்டை இருந்தது. கீறியதெல்லாம் பெண். ஆண் ஒன்றுகூட அகப்படவில்லை. “எங்கேயோ இருக்கணும், மிஸஸ் சவரிமுத்து. இல்லாம எப்படி?” என்று கவலைப்பட்டார். தேவைப்படுகிற நேரத்தில் ஆம்பிளைகள் இப்படித்தான் எங்கேயோ இருப்பார்கள் என்று சொல்லி வைத்தேன்.

இதை வேலிக்கு மேலே லெச்சுமி அக்காவிடம் சொன்னேன். கணவர், மூன்று மைத்துனர், மாமனார் என்று ஒரு வீடு நிறைய ஆம்பிளைகளுக்குச் சோறு வடிக்கிறவர் அவர். சாணிக் கையை இடுப்பில் ஊன்றிக்கொண்டு யோசித்தார். பிறகு என் பக்கம் குனிந்து, மலாயில், கிசுகிசுப்பாக:

“ஆம்பள இல்லாமலே குடும்பம் நடக்குதா? வெளிய சொல்லிடாத, திரேசா. நம்ம பொண்ணுங்க காதுல விழுந்துடப்போகுது.”

கமிட்டியில் இடுப்பெலும்பு

கமிட்டி வாசகசாலையில் கூடியது. நான், மாஸ்டர், தட்டில் பாம்பு. வேடிக்கை பார்க்க என் வீட்டுக்காரர், அளவு நாடாவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு. “விஷமில்லைன்னு சொல்லிட்டு உக்காந்திடுங்க மாஸ்டர்,” என்று நான் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன்.

மாஸ்டர் எழுந்து, “விஷமில்லை,” என்றார். சிங்காரம் பிள்ளை தலையை ஆட்டினார். எல்லாரும் ஆட்டினார்கள். மாஸ்டர் உட்காரவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக ஒரு சபை அவர் பேசுவதைத் தூங்காமல் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் எப்படி உட்காருவார்? பாம்பின் மண்டையோடு ஏன் உளி மாதிரி கெட்டியாக இருக்கிறது என்று சொன்னார். இடது நுரையீரல் எங்கே போனது என்று சொன்னார். நான் அவர் கோட்டைப் பிடித்து இழுத்தேன். அவர் குரலை இன்னும் உயர்த்தினார்.

“இதைவிட அதிசயம் அதன் பங்காளியான மெல்லிய குருட்டுப் பாம்பு. அதன் உடம்புக்குள் இன்றைக்கும் இடுப்பெலும்பு உண்டு. தொடையெலும்பின் மிச்சமும் உண்டு. அதாவது இவற்றின் முன்னோருக்குக் கால் இருந்தது.”

பின்வரிசையில் யாரோ ஒருவர், “அப்போ ஓடும்,” என்றார். அதற்குப் பிறகு அவரவர் காலை நாற்காலி மேலே தூக்கி வைத்துக்கொண்டார்கள். விழாவுக்கு நாள் நெருங்கிவிட்டது, வேறு யாரிடமும் இத்தனை சட்டி கிடையாது என்பதால்தான் சிங்காரம் பிள்ளை ஒரு வழி சொன்னார்: சட்டிகள் வரலாம், ஆனால் திடலில் சட்டிகளுக்குப் பக்கத்திலேயே நான் உட்கார்ந்திருக்க வேண்டும், பாம்பைப் பார்த்து ஒரு பெண்பிள்ளை கத்தினாலும் அந்த நிமிஷமே அத்தனை சட்டியும் லோரியில் ஏறிவிடும். சரி என்றேன். வேறு என்ன சொல்வது? எனக்காக யாராவது ஒரு வார்த்தை பேச மாட்டார்களா என்று திரும்பிப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார்.

“ஆம்பள கத்தினாலும்னு சேத்துக்குங்க, பிள்ளை.”

திடலில்

அன்றைக்குக் காலையில் பண்டார் ஹிலிர் திடலில் இருந்த எல்லாரும் மேடையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். நான் மட்டும் மேடை ஓரத்தில், ரோஜாச் சட்டிகளுக்குப் பின்னால், கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு, தரையில் பாய் போட்டு மண்ணைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். மடியில் ஜாம் பாட்டிலும் தேத்தண்ணி வடிகட்டியும். ஒரு விஷயத்தில் மட்டும் நிம்மதி: சட்டிகளுக்கு முந்தின நாளிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் ஊற்றவில்லை. காய்ந்த மண்ணில் பாம்பு அடியிலேயே கிடக்கும்.

மரகதம்மாள் முன்வரிசைக்கு வந்தார். ரோஜாக்கள் தலை தொங்கியிருப்பதைப் பார்த்தார். “என்னங்க இது, செத்த வீட்டுப் பூ மாதிரி,” என்றார். நான் எழுந்திருப்பதற்குள் யாரிடமோ ஒரு வாளித் தண்ணீரை வாங்கி, அவர் நாற்காலிக்கு எதிரே இருந்த சட்டிகளில் நிறைய நிறைய ஊற்றிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். நான் ஜெபமாலையைத் தேடினேன். வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன்.

சிங்காரம் பிள்ளை ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்து வரவேற்புரை தொடங்கியதும் அவள் வந்தாள். சட்டி விளிம்பில் ஏறி, நாக்கை நீட்டி, புல்லில் விழுந்து, திடல் முழுக்க இடம் இருக்க, மரகதம்மாளின் செருப்பைப் பார்த்துப் போனாள். நான் முழங்காலில் தவழ்ந்தேன். கல்யாணப் பட்டு சேற்றில் இழுபட்டது. காலில் ஏதோ பட்ட மாதிரி இருக்கவே மரகதம்மாள் குனிந்தார். சேலைக் கரையில் பாம்பு. பாம்புக்குப் பக்கத்தில் நான். அவர் வாய் திறந்தது. மூன்றாம் வரிசையில் என் வீட்டுக்காரர் கழுத்தை நீட்டியதையும் பார்த்தேன்.

நான் மேடையைக் கண்ணால் காட்டினேன். சிங்காரம் பிள்ளை அப்போதுதான் காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு, கையை உயர்த்தி, “இந்தப் பொன்னாளில்” என்று ஆரம்பித்திருந்தார். மரகதம்மாள் மேடையைப் பார்த்தார். பாம்பைப் பார்த்தார். கைக்குட்டையைச் சுருட்டி வாயில் வைத்துக் கடித்துக்கொண்டார். பாம்பு அவர் கட்டைவிரல் மேல் ஏறி அந்தப் பக்கம் இறங்கியது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது அந்த அம்மாளுக்கு; கால் மட்டும் அசையவில்லை. நான் நாற்காலிக்குப் பின்னால் தவழ்ந்து போய், வடிகட்டியால் அள்ளிப் பாட்டிலில் போட்ட பிறகு, கைக்குட்டையை எடுத்து, உதடு அசையாமல் சொன்னார்:

“மூடியை இறுக்கிப் போடுங்க. மனுஷன் இந்தப் பேச்ச ஒரு மாசமா கண்ணாடி முன்னாடி நின்னு பேசிக்கிட்டிருக்காரு.”

யாரும் கத்தவில்லை. வாசல் எனக்கு. வீட்டுக்காரரின் கார் இன்றைக்கும் தெருவோரத்து மரத்தடியில்தான் நிற்கிறது, காக்கை எச்சத்தோடு.

மூடியைத் திருகிக்கொண்டிருக்கும்போதே பேண்டு வாத்தியம் முழங்கியது. திடல் முழுக்க ஒரே சமயத்தில் எழுந்து நின்றது. கொடி ஏறுகிறது என்று புரிந்தது. எனக்கு முன்னால் வேட்டியும் கால்சட்டையும் சாரோங்குமாகக் கால்கள், அதற்கு மேலே முதுகுகள். எழுந்திருக்கப் பார்த்தேன்; மரகதம்மாள் எழுந்தபோது பின்னால் நகர்ந்த நாற்காலியின் கால் என் பட்டு முந்தானை மேல் அழுந்தி நின்றது. “கொஞ்சம் விலகுங்களேன்,” என்றேன். “நானும் பாக்கணும்.” இன்னொரு தடவை, கொஞ்சம் பலமாகவே, “யாராவது கொஞ்சம் விலகுங்களேன்,” என்றேன்.

ஒருவரும் திரும்பவில்லை, ஆகவே அன்றைக்கு அந்தத் திடலில் இருந்தும் மலாயா சுதந்திரம் அடைந்ததைக் கண்ணால் பார்க்காதவர்கள் நானும், என் ஜாம் பாட்டிலுக்குள் இருந்தவளும் மட்டும்தான்.